தோன்றா எழுவாய்: மனிதமயமான எலியும் விடுபட்ட பெண்களும்

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொன்று உண்டு. 'வந்தாள்' என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். வந்தது யார் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் வந்தவர் மனிதர், ஒருவர், பெண் என்ற மூன்றையும் வினையின் விகுதி சொல்லிவிடுகிறது. எழுவாய் தோன்றாவிட்டாலும் வாக்கியத்துக்குள் உயிரோடு இருக்கிறது. செயப்பாட்டு வினையின் கதை வேறு. 'திசு பெறப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள். அந்த விகுதி திசுவை மட்டும் சுட்டுகிறது: அஃறிணை, ஒருமை. கொடுத்தவர் யார் என்பதற்கு அங்கே எந்தத் தடயமும் இல்லை. இலக்கணப்படி வாக்கியத்தில் குறையே கிடையாது. அப்படிக் குறையில்லாத வாக்கியத்திலிருந்துதான் ஓர் ஆள் வெளியேற்றப்பட்டிருக்கிறார்.

எச்.ஐ.வி. தொற்றை ஆராய்வதற்காக மனிதமயமாக்கப்பட்ட சுண்டெலிகளைப் பயன்படுத்தும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. அறிவியல் தமிழ்ப் பாடத்துக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி தேடியபோது அவற்றுள் சிலவற்றை வாசித்தேன். 'பொருட்களும் முறைகளும்' என்ற பகுதியில், எலி எந்த நிறுவனத்தில் வாங்கப்பட்டது, ஊசிமருந்தின் அளவு என்ன, கதிர்வீச்சு எவ்வளவு என்ற விவரங்களுக்கு நடுவே, மனிதக் கருத்திசு இன்ன நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது என்று ஒரு வரி வரும். அடுத்த வரி வேறு வேலைக்குப் போய்விடும். கவிதையையும் நாவலையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கப் பழகிய நாம், ஆய்வகக் கட்டுரை நம் எல்லைக்கு வெளியே இருப்பதாக நினைத்து ஒதுங்குகிறோம். அதுவும் ஒரு பிரதிதான். அதிலும் பேசுகிறவர், பேசப்படுகிறவர், விடுபடுகிறவர் உண்டு. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

முதலில் எலிக்கு என்ன வேலை என்று பார்ப்போம். இயல்பான எலிக்கு எச்.ஐ.வி. தொற்றாது. மனித வெள்ளணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி4 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டு, கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு ஏற்பியின் துணையோடுதான் இந்த வைரஸ் உள்ளே நுழைகிறது. எலிக்கும் சிடி4 இருக்கிறது; ஆனால் வைரஸின் உறைப்புரதம் அதோடு பொருந்துவதில்லை. எப்படியோ உள்ளே அனுப்பி வைத்தாலும் வைரஸால் அங்கே பெருக முடியாது. அதற்கு உதவவேண்டிய சைக்ளின் டி1 என்ற புரதம் எலியில் ஓர் அமினோ அமில அளவுக்கு வேறுபட்டிருப்பது ஒரு காரணம். ஆகவே எலியை வைத்து எச்.ஐ.வி.யை ஆராய வேண்டுமென்றால், எலிக்குள் மனித எதிர்ப்பாற்றலைக் குடியேற்ற வேண்டும்.

அதற்கு வழி 1983-இல் திறந்தது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் அற்ற எலிகள் கண்டறியப்பட்டன. அயல் திசுவை விரட்டியடிக்க அவற்றால் முடியாது. 1988-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் மக்கியூன், இர்விங் வைஸ்மன் குழுவினர் அத்தகைய எலிக்குள் மனிதக் கருவின் தைமஸையும் கல்லீரலையும் பதியம் போட்டார்கள். அதே ஆண்டில் அந்த எலிகளுக்கு எச்.ஐ.வி. தொற்ற வைக்கப்பட்டது. 2006-இல் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் இந்த முறை இன்னும் செம்மையானது. எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, அதன் சிறுநீரக உறைக்கு அடியில் கருவின் தைமஸ், கல்லீரல் துணுக்குகளைப் பதித்து, அதே கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களை அதன் ரத்தத்தில் செலுத்தினார்கள். சில வாரங்களில் மனித டி செல்கள் எலியின் ரத்தத்தில், குடலில், பிறப்புறுப்பின் திசுவில் நிறைந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜை, கல்லீரல், தைமஸ் என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் 'பிஎல்டி எலி' என்று பெயர். அமெரிக்க உணவகங்களில் பிஎல்டி என்பது பன்றி இறைச்சியும் லெட்டூஸும் தக்காளியும் வைத்த ஒரு சாண்ட்விச்சின் பெயர். ஆய்வகத்தில் இது ஒரு சிரிப்போடு உச்சரிக்கப்பட வசதியான பெயர்.

இந்தத் தைமஸும் கல்லீரலும் பெரும்பாலும் நான்கு, ஐந்து மாதக் கருவிலிருந்து வருபவை. அதாவது ஒரு பெண் கருக்கலைப்புச் செய்துகொண்டிருக்கிறாள். பிறகு அந்தத் திசுவை ஆய்வுக்குத் தர ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறாள். அவளுடைய இந்த இரண்டு செயல்கள் இல்லாமல் அந்த எலி இல்லை.

'மனிதமயமாக்கப்பட்ட' என்ற அடைமொழியை இப்போது மறுபடி பார்க்கலாம். எந்த மனிதர்? தமிழில் உலகை உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறோம். மனிதர் உயர்திணை, எலி அஃறிணை. ஆய்வுக் கட்டுரையின் மொழி இந்தப் பிரிவினையை விசித்திரமாகக் குலைத்துவிடுகிறது. எலி தன் வாலோடும் மீசையோடும் 'மனித' என்ற அடையைப் பெற்று உயர்கிறது. அந்த அடையைக் கொடுத்த பெண் 'திசுவின் மூலம்' என்ற அஃறிணைச் சொல்லுக்குள் இறங்குகிறாள். சில கட்டுரைகளில் 'கொடையாளி' என்ற சொல் வருகிறது. ஆவலோடு நின்று வாசித்தால் அது கருவைக் குறிக்கிறது. ஒரே கருவின் திசுவிலிருந்து உருவான எலிகள் ஒரு தொகுதி. அந்தத் தொகுதிக்கு ஒரு கொடையாளி. நம்மூரில் கண் தானம் செய்தவருக்குச் சுவரொட்டி ஒட்டுகிறோம், உடல் தானம் செய்தவரின் குடும்பத்தைப் பாராட்டுகிறோம். தானம் என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு அது. தன் உடலில் வளர்ந்த திசுவைத் தந்த பெண்ணுக்குக் கொடையாளி என்ற சொல்லும் கிடைக்கவில்லை. அதைப் பேசாத, முடிவெடுக்காத, கையெழுத்திடாத கரு எடுத்துக்கொண்டது.

அவளுக்குப் பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயரின்மை அவளுக்குப் பாதுகாப்பு. கருக்கலைப்பு மையங்கள் தாக்கப்பட்ட, மருத்துவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாடு அமெரிக்கா. 1993-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், கருத்திசுவை மனிதருக்குப் பொருத்தும் ஆய்வுகளுக்குத் தெளிவான விதிகளை வகுத்தது. கருக்கலைப்புக்கு ஒப்புதல் பெற்ற பிறகுதான் திசுக்கொடை பற்றிப் பேச வேண்டும். திசுவுக்காகக் கலைப்பின் காலத்தையோ முறையையோ மாற்றக் கூடாது. திசு யாருக்குப் போகும் என்பதை அவள் தேர்ந்தெடுக்க முடியாது. திசுவை லாபத்துக்கு விற்பதும் குற்றம். இந்த விதிகளைக் கவனித்தால் ஒன்று புரியும். சட்டத்தின் மொழியில் ஒரு பெண் இருக்கிறாள்; அவள் முதலில் ஒரு முடிவெடுக்கிறாள், பிறகு தனியாக இன்னொரு முடிவெடுக்கிறாள். சட்டம் அவளைப் பெயரில்லாமலே எழுவாயாக வைத்திருக்கிறது. அறிவியல் கட்டுரைக்கு வந்ததும் அந்த எழுவாய் காணாமல் போகிறது. பெயரின்மை வேறு, இல்லாமை வேறு. முன்னது அவளைக் காக்கிறது. பின்னது அவள் செய்ததையே அழிக்கிறது.

இந்த அழிப்புக்கு ஒரு அரசியல் விலை உண்டு. அதை 2018 முதல் 2021 வரையிலான அமெரிக்க நிகழ்வுகள் காட்டின. டிரம்ப் ஆட்சியின் முதல் முறையில், 2018-இல், மாண்டானா மாநிலத்தின் ஹாமில்டனில் உள்ள அரசு ஆய்வகத்துக்குப் புதிதாகக் கருத்திசு பெறத் தடை வந்தது. அங்கே எச்.ஐ.வி.யைக் குணமாக்கும் வழி தேடி மனிதமயமான எலிகளைக் கொண்டு நடக்கவிருந்த ஆய்வு முடங்கியது. 2019 ஜூன் 5 அன்று அரசு ஆய்வகங்களில் இத்தகைய ஆய்வு முழுவதுமாக நிறுத்தப்பட்டது. எச்.ஐ.வி. மருந்துகளை இந்த எலிகளில் சோதித்துவந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களை ஆராய ஓர் அறவியல் குழு அமைக்கப்பட்டது. 2020-இல் அது 14 விண்ணப்பங்களில் 13-ஐ நிராகரிக்கப் பரிந்துரைத்தது. 2021 ஏப்ரலில் அடுத்த ஆட்சி இந்தத் தடைகளை விலக்கியது.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பு பேசியது. ஒரு தரப்பு 'குழந்தையின் உடல்' என்றது. இன்னொரு தரப்பு 'மதிப்புமிக்க ஆய்வுப் பொருள்' என்றது. இரண்டு வாக்கியங்களிலும் பெண் இல்லை. முதல் தரப்பு அவளை வேண்டுமென்றே நீக்குகிறது. ஏனெனில் அவள் முடிவெடுக்கும் உரிமை உள்ளவள் என்று ஒப்புக்கொண்டால் அவர்களுடைய வாதம் நிற்காது. இரண்டாம் தரப்பு, சர்ச்சை வேண்டாம் என்ற எச்சரிக்கையில் அவளை நீக்குகிறது. அப்படி நீக்கியதாலேயே அது பலவீனமாகிறது. ஆய்வுப் பொருளுக்கு மாற்றுப் பொருள் கேட்கலாம். ஒரு பெண்ணின் முடிவுக்கு மாற்று கேட்க முடியாது. 'இந்தத் திசுவைத் தந்தவள் இன்னின்னது தெரிந்து, தன் விருப்பத்தோடு தந்தாள். அதைக் குப்பையில் போடச் சொல்ல நீங்கள் யார்?' என்று கேட்டிருக்கலாம். தடையால் ஒரு கருக்கலைப்பும் நிற்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. எலிக்காக எந்தப் பெண்ணும் கருவைக் கலைப்பதில்லை. ஆய்வுக்குப் போயிருக்க வேண்டிய திசு மருத்துவக் கழிவாக எரிந்தது, அவ்வளவுதான்.

மாற்று என்ற பேச்சையும் கவனமாகக் கேட்க வேண்டும். 2018 டிசம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கருத்திசுவுக்கு மாற்று தேட 2 கோடி டாலர் ஒதுக்கியது. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களை எடுக்கலாம். இதய அறுவையின்போது பச்சிளங்குழந்தைகளிடமிருந்து அகற்றப்படும் தைமஸைப் பயன்படுத்தலாம்; விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் அப்படி ஓர் எலியை உருவாக்கிக் காட்டினார்கள். அறிவியல் நோக்கில் நல்ல முயற்சிகள். ஆனால் 'அறச்சிக்கல் இல்லாத மாற்று' என்று இவற்றைச் சொல்லும்போது என் காது கூர்மையாகிறது. தொப்புள்கொடி எங்கிருந்து வருகிறது? பிள்ளை பெற்ற பெண்ணின் உடலிலிருந்து. அவளும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவள்தான். ஆக, இங்கே மாறுவது பெண்ணின் வகை. கருவைக் கலைத்தவள் கொடுத்தால் கறை. பிள்ளை பெற்றவள் கொடுத்தால் தூய்மை. பத்தினி, பரத்தை என்ற பழைய பிரிவினையைத் தமிழ் மாணவிகளான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது ஆய்வகத்தின் குளிர்பெட்டி வரைக்கும் போயிருக்கிறது.

இந்த எலிகள் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. இவற்றால் பெண்களுக்குக் கிடைத்தவை சிறியவையல்ல. எய்ட்ஸ் தொடக்கத்தில் ஆண்களின் நோயாகவே எழுதப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய் எய்ட்ஸின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வரையறையில் சேர்த்தது 1993-இல்தான். அதுவும் பெண்கள் போராடிய பிறகு. இன்று உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களும் சிறுமிகளும். பெண் உடலில் தொற்று எப்படி நுழைகிறது, எப்படித் தடுக்கலாம் என்ற கேள்வியை நேரடியாகச் சோதிக்க இந்த எலிகள் வழி செய்தன. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறப்புறுப்பின் வழியாக வைரஸ் செலுத்தப்பட்ட 8 பிஎல்டி எலிகளில் 7-க்குத் தொற்று ஏற்பட்டது. முன்கூட்டியே தடுப்பு மருந்து பெற்ற 5 எலிகளில் ஒன்றுக்கும் ஏற்படவில்லை. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் மருந்தை முன்னதாக எடுத்தால் பெண் உடலில் தொற்றைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது வலுச் சேர்த்தது.

2012-இல் வட கரோலினாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு தாய்ப்பாலைப் பற்றியது. தொற்றுள்ள தாய் பால் கொடுத்தால் குழந்தைக்கு எச்.ஐ.வி. வரக்கூடும் என்பது தெரிந்ததே. ஆனால் சிகிச்சை இல்லாத காலத்திலும், நாள்தோறும் மாதக்கணக்கில் பால் குடித்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தொற்று ஏற்படவில்லை. ஏன்? தொற்றில்லாத பெண்களின் பாலோடு வைரஸைக் கலந்து பிஎல்டி எலிகளின் வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். செல்லுக்குள் இல்லாமல் தனித்து மிதக்கும் வைரஸ், பாலோடு சேர்ந்தபோது தொற்றை உண்டாக்கவில்லை. பாலே ஒரு தடுப்பாக வேலை செய்திருக்கிறது. 'விஷப் பால்' என்று எத்தனை தாய்மார் தங்கள் மார்பையே வெறுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இந்த முடிவின் கனம் தெரியும்.

அந்தச் சோதனையை இப்போது வேறொரு கண்ணால் பாருங்கள். எலிக்குள் ஓடும் டி செல்கள், கருவைக் கலைத்துக்கொண்ட ஒரு பெண் தந்த திசுவிலிருந்து வந்தவை. அதன் வாயில் ஊற்றப்பட்ட பால், பிள்ளை பெற்ற இன்னொரு பெண் பீய்ச்சிக் கொடுத்தது. விடை தேவைப்படுவதோ, தொற்றோடு மடியில் குழந்தையை வைத்திருக்கும் மூன்றாவது பெண்ணுக்கு. ஒருவரை ஒருவர் ஒருபோதும் சந்திக்காத மூன்று பெண்கள் ஒரு கையளவு எலிக்குள் சந்தித்திருக்கிறார்கள். கலைத்தவள், பெற்றவள் என்று வெளியே பிரித்து வைக்கப்பட்டவர்கள் அங்கே ஒரே வேலையைச் செய்கிறார்கள். அந்த எலியும் கதிர்வீச்சையும் கத்தியையும் தாங்கி, கடைசியில் கொல்லப்படுகிறது. அதற்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அறிவியல் கட்டுரை இந்தக் கடனை 'விலங்குகள் நெறிமுறைப்படி நடத்தப்பட்டன' என்ற வரியில் ஒப்புக்கொள்கிறது. எலிக்குக் கிடைத்த அந்த ஒரு வரி அளவுக்காவது பெண்ணுக்குக் கிடைக்க வேண்டாமா?

பெண்ணை வாக்கியத்திலிருந்து நீக்குவதன் இன்னொரு விளைவு, எலி சொல்ல முடியாததை அது சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வது. எலிக்குத் தடுப்பு மருந்தை ஆய்வாளரின் கை கொடுக்கிறது. நேரம் தவறாமல், அளவு குறையாமல். பெண் அதைத் தன் கையால், தன் வீட்டில், பிறர் கண்முன் எடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் பங்கேற்ற 'வாய்ஸ்' என்ற பெரும் சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. தினசரி மாத்திரையோ, டெனோஃபோவிர் களிம்போ, எதுவும் பலன் காட்டவில்லை. மருந்தில் கோளாறு இருந்ததாக அதற்குப் பொருள் இல்லை. மருந்து பெற்ற பெண்களின் ரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் அது தென்பட்டது. ஆனால் நேரில் கேட்டபோதும், மிச்ச மாத்திரைகளை எண்ணியபோதும், ஏறத்தாழ எல்லோரும் ஒழுங்காக எடுத்ததாகவே கணக்கு வந்தது.

பெண்கள் பொய் சொன்னார்கள் என்று இதை வாசிப்பது எளிது. இலக்கிய மாணவி அப்படி வாசிக்க மாட்டாள். ஒரே பெண்ணிடமிருந்து இரண்டு பிரதிகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று அவள் வாய் சொன்னது, மற்றது ரத்தம் சொன்னது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் அவள் வாழ்க்கை இருக்கிறது. பின்னர் அவர்களிடம் உட்கார்ந்து பேசியவர்களுக்குக் காரணங்கள் கிடைத்தன. இந்த மாத்திரை நோய் உள்ளவர்கள் சாப்பிடுவது. டப்பாவைப் பார்த்தால் எனக்கு நோய் என்று வீட்டில் நினைப்பார்கள். என் துணைவருக்கு இது பிடிக்கவில்லை. நோயில்லாத உடம்புக்கு எதற்கு மருந்து, அதனால் கேடு வருமோ என்று பயம். எலிக்குக் கணவன் இல்லை. அக்கம்பக்கம் இல்லை. அலமாரியில் ஒளித்துவைக்க ஒரு டப்பா இல்லை. எலியின் உடலில் வென்ற மருந்து பெண்ணின் வீட்டில் தோற்றது. 2024-இல், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடையே நடந்த சோதனையில், ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் போடும் லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. அந்த வெற்றியில் மருந்தின் திறனுக்குப் பங்கு உண்டு. வீட்டில் யார் கண்ணிலும் படாத மருந்து என்பதற்கும் பங்கு உண்டு. அந்த இரண்டாவது பங்கைப் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும்.

உடலை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் இந்த வழக்கம் எலியோடு தொடங்கியதல்ல. எச்.ஐ.வி. ஆய்வகங்களில் வைரஸை அளக்க இன்றும் புழங்கும் ஒரு செல்வரிசை, ஹீலா செல்களில் சிடி4 முதலான ஏற்பிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. ஹீலா என்பது ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெயரின் சுருக்கம். 1951-இல் பால்டிமோரில், 31 வயதில் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண் அவர். அவர் ஒப்புதல் கேட்கப்படாமலே அவருடைய செல்கள் எடுக்கப்பட்டன.

நம் ஊரிலும் ஒரு கதை உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவருடைய முதுநிலை மாணவி நிர்மலாவும் செய்த அரிய பணி அது. கண்டறிந்த இருவருமே பெண்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. வேலூரில் நடந்த சோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்த மாதிரிகள் ஆறு. அந்த ஆறும் பாலியல் தொழிலாளர்களின் ரத்தம். கைது செய்யப்பட்டு அரசு காப்பகத்தில் இருந்த பெண்களிடம் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஏதோ பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்துக்கொண்டதாக, எடுத்தவரே பல ஆண்டுகள் கழித்துப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்றைய நடைமுறை அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நாட்டின் பொது சுகாதார வரலாற்றையே திருப்பிய அந்த ரத்தத்தைக் கொடுத்தவர்கள், வரலாற்றில் 'ஆறு மாதிரிகள்' என்ற அஃறிணைப் பன்மையாக நிற்கிறார்கள். அதன் பிறகு பொதுப்பேச்சில் அவர்கள் நோயைப் பரப்புகிறவர்களாக மட்டுமே திரும்பி வந்தார்கள். கொடுத்தபோது எழுவாயாக இல்லாதவர்களைப் பழி சுமத்தும்போது மட்டும் எழுவாயாக்கினோம்.

அதைக் கலைத்ததிலும் சுனிதி சாலமனுக்குப் பங்கு உண்டு. பின்னர் அவர் தொடங்கிய மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட கட்டுரை, தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோர் மணமாகி, கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள் என்று காட்டியது. திருமணமே அவர்களுக்கு ஆபத்தாக இருந்திருக்கிறது. இதை எந்த எலியும் சொல்லியிருக்க முடியாது. பெண்களை உட்காரவைத்துக் கேட்டதால் கிடைத்த அறிவு அது.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. ஒரு வாக்கியத்தைத் திருத்துவது. ஆங்கிலக் கட்டுரைகள் தங்கள் வரியைத் திருத்திக்கொள்ளும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியலைத் தமிழில் எழுதும், மொழிபெயர்க்கும் பெண்கள் நம்மிடையே பெருகிவருகிறார்கள். பாடநூல்களும் அரசு ஆணைகளும் நமக்குப் பழக்கிய 'செய்யப்பட்டது, பெறப்பட்டது, அளிக்கப்பட்டது' என்ற நடையை, அறிவியலின் புறவயத்தன்மை என்று நம்பி நாமும் எழுதிவருகிறோம். படு என்ற அந்தத் துணைவினையைத் தனியே எடுத்தால் 'அனுபவி' என்று பொருள் தரும். ஆனால் பட்டவள் அந்த வாக்கியத்தில் இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்கள், அம்முடிவுக்குப் பின் தனியே ஒப்புதல் அளித்து, இந்தத் திசுவைத் தந்தார்கள்.' ஒரு வரிதான் நீள்கிறது. யாருடைய பெயரும் வெளியாகவில்லை. உண்மை எதுவும் மிகைப்படவில்லை. சொல்லப்போனால், முந்தைய வரியைவிட இதில்தான் தகவல் அதிகம்.

2006-இல் பிஎல்டி எலி உருவான டெக்சஸில், 2022-இல் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின் கருக்கலைப்பு ஏறக்குறைய முழுவதும் குற்றமாகிவிட்டது. ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கே நாளை அது தேவைப்பட்டால் மாநிலத்தின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். அவள் கையிலிருக்கும் எலியை மனிதமயமாக்கியது இன்னொரு பெண்ணின் முடிவு என்பதை அவளும் சேர்ந்து எழுதாமல் விட்டால், அந்த முடிவு பறிபோகும் நாளில் துணைக்கு நிற்க ஒரு வாக்கியம்கூட இருக்காது. அவள் தோன்றாமல் இருக்கட்டும். எழுவாயாக இருக்கட்டும். அதற்குத் தமிழில் ஒரே சொல் போதும்: தந்தாள்.